ரீபவுண்ட்: சிறுகோள் பாதைக் கணக்கில் நான்கு ஆண்டுகள்

புவியருகு சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட நான்கு ஆண்டுகளாக ரீபவுண்ட் என்ற திறமூல நிரல்தொகுப்பைத்தான் நம்பியிருக்கிறேன். தொடங்குவது எளிது. பைத்தான் நிரல்மொழியில் ‘அபோஃபிஸ்’ என்று ஒரு சிறுகோளின் பெயரைக் கொடுத்தால், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் தரவுத்தளத்திலிருந்து அதன் இருப்பிடமும் திசைவேகமும் தானாக வந்துவிடும்.

எந்த இன்டக்ரேட்டரை, அதாவது பாதையைக் காலப்படி காலப்படியாகக் கணக்கிடும் முறையை, எடுப்பது என்பதில்தான் சறுக்கினேன். அவற்றில் டபிள்யூஎச்ஃபாஸ்ட் வெகு வேகம். 88 நாளில் சூரியனைச் சுற்றும் புதனை மனத்தில் வைத்து, 4 நாள் காலப்படி கொடுத்து ஓடவிட்டேன். மாறாமல் இருக்கவேண்டிய மொத்த ஆற்றலில் பிழை ஏறவே இல்லை. அதை நம்பிப் பல வாரங்கள் வரைபடம் போட்டேன். பிறகுதான் உறைத்தது: சிறுகோளை நிறையற்ற துகளாகச் சேர்த்திருந்தேன், மொத்த ஆற்றலில் அதற்குப் பங்கே கிடையாது! கோள்களின் கணக்கு சுத்தம். சிறுகோளின் கணக்கு வீண். நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் கல் 4 நாளில் 50 லட்சம் கி.மீ. தாண்டிவிடும். பூமியின் ஈர்ப்பு ஆதிக்கம் செலுத்தும் எல்லையான ஹில் ஆரமோ சுமார் 15 லட்சம் கி.மீ.தான். நெருங்கி வந்து போனதை அந்தப் படி எப்படிப் பிடிக்கும்?

இப்போது நீண்ட ஓட்டங்களுக்கு மெர்க்யூரியஸ் என்ற இன்டக்ரேட்டர். கோளை நெருங்கும்போது மட்டும் அது ஐஏஎஸ்15 என்ற துல்லியமான இன்டக்ரேட்டருக்கு மாறிக்கொள்கிறது. சில நூறு ஆண்டுகளுக்கு ஐஏஎஸ்15 மட்டுமே போதும். படியைத் தானே சுருக்கிக்கொள்ளும்.

துல்லியமான இன்டக்ரேட்டர் கிடைத்தாலும் ஒற்றைப் பாதையை நம்ப மாட்டேன். 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடக்கும். தொடக்க மதிப்புகளை அவற்றின் பிழை எல்லைக்குள் சற்றே மாற்றி 100 நகல்கள் விட்டுப் பார்த்தேன். அதுவரை ஒன்றாக வந்தவை, கடந்தபின் சுற்றுக்குச் சுற்று விலகிப் போயின. அந்த வரைபடத்தை இன்றும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

ஈர்ப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். வெயிலில் சூடேறிய பரப்பு வெப்பத்தை உமிழும்போது கிடைக்கும் சிறு உந்துதல்தான் யார்கோவ்ஸ்கி விளைவு. பென்னு என்ற சிறுகோளின் அரைப்பேரச்சை (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) அது ஆண்டுக்கு சுமார் 284 மீட்டர் சுருக்குகிறது. ரீபவுண்ட்எக்ஸ் துணைத்தொகுப்பில் இதற்குத் தனிக்கூறு உண்டு. ஆனால் பெரும்பாலான சிறுகோள்களுக்கு, நகர்வின் திசையைத் தீர்மானிக்கும் சுழல் அச்சின் சாய்வே தெரியாது. அவற்றுக்கு உள்நோக்கிய நகர்வு, வெளிநோக்கிய நகர்வு என இரு வகையிலும் நகல்களை ஓட்டுகிறேன்.