வேலூர் வெயிலில் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

ஏர் ரைஃபிளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "இதில்தான் வெடிமருந்தே கிடையாதே, அப்புறம் என்ன ஆபத்து?" என்பதுதான். மருந்து இல்லை என்பது சரி. ஆனால் தப்பான எண்ணெய் ஒரு சொட்டு உள்ளே போனால், அது மருந்தாகவே எரியும். பல வருடமாக ஒரே ரைஃபிளை வைத்திருப்பதால், வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

என்னுடையது .177, அதாவது 4.5 மி.மீ., குழலை மடக்கி பெல்லட் என்கிற சின்ன குண்டைப் போடுகிற ஸ்பிரிங் வகை. இந்த அளவில், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாது என்றால் ஆயுத உரிமம் வேண்டாம். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கினேன். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் மாந்தோப்பில் மணல் மூட்டைகளை அடுக்கி, 10 மீட்டரில் காகித இலக்கு வைத்துச் சுடுகிறேன். போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மி.மீ.தான். அதைத் தொடுவதற்குப் பழகுவதில் இருக்கிற சந்தோஷமே தனி. தோப்புக்கு மயிலும் குரங்கும் வரும். "ஒண்ணு போடுப்பா" என்பார்கள். போட மாட்டேன். 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு மனசும் வராது.

எண்ணெய்க்கு வருகிறேன். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, உள்ளே இருக்கிற காற்றை நொடியில் ஒரு சின்ன பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சூடுதான், பல மடங்காக. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் ஓடுவதும் இப்படித்தான், அதனால் இதற்கு டீசலிங் என்றே பெயர். புது ரைஃபிளில் கம்பெனி கிரீஸ் கொஞ்சம் புகைந்து, போகப்போக நின்றுவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

உறவுக்காரப் பையன் ஒருவனின் ரைஃபிளில், பழுதுபார்த்தவர் காற்றுத் துளை வழியாகத் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டார். முதல் வெடியில் தோப்பு அதிர்ந்தது, குழல் முனையில் நீலப் புகை, கருகிய வாடை. "பவர் ஏறிடுச்சு மாமா!" என்று அவனுக்கு ஒரே குஷி. கொஞ்ச நாளில் பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கிற வாஷர் தீய்ந்து, ஸ்பிரிங்கும் உடைந்து, பெல்லட் அட்டையைக்கூடத் துளைக்கவில்லை. தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில் எல்லாமே எரியக்கூடியவைதான். பழைய தோல் வாஷர் காயாமல் இருக்க அளவாக எண்ணெய் கேட்கும். இப்போது வருகிற செயற்கை வாஷருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டாம். ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயிலுக்கு கிரீஸ் இளகி முன்பக்கம் வழியும், அதனால் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

பெல்லட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அரை கிராம் சொச்சம் எடையுள்ள, நல்ல ஈய பெல்லட்டே என் ரைஃபிளுக்கு ஒத்துவந்தது. பின்பக்க விளிம்பு நசுங்கியதை ஒதுக்கிவிடுவேன். பால்ரஸ் குண்டு போடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. குழலின் உள்ளே இருக்கிற சுருள் வரிகளை அந்த எஃகு குண்டு கீறிவிடும், கல்லில் பட்டால் நம் முகத்துக்கே திரும்பும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டாலும் பிஸ்டன் போய் மோதி சேதமாகும். ஈயம் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

குழலை மடக்கி பெல்லட் வைக்கும்போது இன்னொரு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பூட்டு நழுவினால் குழல் மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். கம்மவான்பேட்டையில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் சொன்னது: "காலியா இருக்குன்னு யாரு சொன்னாலும் நம்பாத தம்பி, நீயே திறந்து பாரு." அவர் கையில் ரைஃபிள் இருக்கும்போது குழல் முனை ஒருமுறைகூட ஆள் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை.

இப்போது ஸ்பிரிங் தளர்ந்து குறி கொஞ்சம் தாழ்கிறது. ஸ்பிரிங்கும் வாஷரும் சேர்த்தே மாற்றப்போகிறேன். அழுத்தத்தில் இருக்கிற ஸ்பிரிங்கை வெறுங்கையால் கழற்றவே கூடாது, அதற்கான கிளாம்ப் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.