டேட்டாபேஸ் அப்கிரேடு என்று 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கடையை முடக்கினார்கள்: தயவுசெய்து படியுங்கள்

1,85,000 ரூபாய். மருந்து மொத்த வியாபாரத்தில் அந்தத் தொகையை லாபமாகப் பார்க்க எத்தனை பெட்டி ஏற்றி இறக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்களுக்கு மருந்து ஏஜென்சி. நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் லைன்களில் மெடிக்கல் ஷாப்புகளுக்குச் சரக்கு போகிறது. பில், ஸ்டாக், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில். அதற்கு அடியில், இந்த விவரங்களைச் சேமித்துத் தேடித் தருவது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், 12ஆம் பதிப்பு. 12க்கான ஆதரவு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அப்கிரேடு செய்யத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கடை, சேவைகளைத் தேடித் தரும் ஒரு ஆப்பில் ஆள் வேண்டும் என்று போட்டதும் அன்றைக்கே ஒருவர் வந்துவிட்டார். 'டேட்டாபேஸ் பராமரிப்பு, ட்யூனிங்' செய்யும் சிறு நிறுவனமாம். பெயரை எழுதப்போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறார்.

அவர் எப்படி நம்ப வைத்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் கடையிலும் இதையேதான் செய்வார்கள். வந்ததும் முதல் கேள்வி, "அண்ணே, பேக்கப் எங்க எடுக்குறீங்க? பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்." வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. அப்புறம் கல்லா மேஜையில் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "இது 16ஆம் பதிப்பு, பாருங்க" என்று ஒரு மாத்திரைப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்தார். விசையிலிருந்து விரல் எடுக்கும் முன்பே பேட்ச், எக்ஸ்பைரி, ரேட் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கள் கம்ப்யூட்டரில் அதே தேடலுக்கு இரண்டு நொடி ஆகும். பில் போடும் பெண், "அண்ணே, இப்படி இருந்தா மத்தியானத்துக்குள்ள எல்லா லைனும் முடிச்சிரலாம்" என்றாள். அந்த இடத்தில்தான் நான் சரி என்றேன்.

அந்த லேப்டாப்பில் இருந்தது சில நூறு வரி மாதிரி டேட்டா. அவ்வளவு சின்ன அட்டவணையில் எந்தப் பதிப்பும் பறக்கும். எங்கள் பில் விவர அட்டவணையில் 60 லட்சம் வரிகளுக்கு மேல். ஒப்பிடவே முடியாத இரண்டை அருகருகே வைத்துக் காட்டிக் காசு வாங்கிவிட்டார்கள்.

அப்கிரேடு கூலி 40,000. 'டேட்டாபேஸ் லைசென்ஸ்' என்று 25,000. ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையை முடித்துவிட்டு, கருப்புத் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், 'அப்கிரேடு கம்ப்ளீட்' என்று. அந்தப் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திங்கள் காலையில் ஒரு பில் திறக்க முக்கால் நிமிடம். பேட்ச் தேடினால் திரை உறைந்து நிற்கிறது. வாசலில் வத்தலக்குண்டு லைன் வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். ஒரு மெடிக்கல்காரர் இன்சுலினுக்குப் போன் மேல் போன் போடுகிறார். கையால் பில் எழுதி, பேட்ச் நம்பரைப் பெட்டியைப் பார்த்துக் குறித்து அனுப்பினோம்.

போன் போட்டால், "புதுசுல அப்படித்தாண்ணே இருக்கும், கேஷ் சூடாகணும்" என்றார். அடிக்கடி தேடும் டேட்டா நினைவகத்தில் ஏற வேண்டுமாம். அடுத்து, உங்கள் ஆன்டிவைரஸ்தான் காரணம் என்றார். எடுத்தோம். அப்புறம் நெட்வொர்க் சுவிட்ச் பழசு என்றார். மாற்றினோம். அப்புறம், "இது டேட்டாபேஸ் பிரச்சினையே இல்ல, பில்லிங் சாஃப்ட்வேர்காரங்களைக் கேளுங்க." அவர்களைக் கேட்டால், "நாங்க ஒண்ணுமே மாத்தலையே சார், டேட்டாபேஸ்காரரைக் கேளுங்க." இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாடப்பட்டது நாங்கள்.

கடைசியில் அவர்களே தீர்ப்பு சொன்னார்கள்: உங்கள் சர்வர் 16ஆம் பதிப்பைத் தாங்காது. 64 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க்கோடு புது சர்வர், 1,20,000. மாதக் கடைசி, ஜிஎஸ்டி கணக்கு வேறு எடுக்க வேண்டும், வண்டிகள் நிற்கின்றன. கொடுத்தோம். 40,000, 25,000, 1,20,000. மொத்தம் 1,85,000 ரூபாய். புது சர்வரிலும் பில் திறக்க அரை நிமிடம். மறுபடி கேட்டால், "ஒப்பந்தத்துல பெர்ஃபார்மன்ஸ் வராது சார், ட்யூனிங் பேக்கேஜ் தனி." அதுவரை அண்ணே, அன்றிலிருந்து சார். பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் அக்கா மகன் சென்னையில் இதே துறையில் இருக்கிறான். ரிமோட்டில் வந்து பார்த்தவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அப்கிரேடு முடிஞ்சதும் அனலைஸ் ஓட்டுனாங்களா?"

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். டேட்டாபேஸ் ஒரு கேள்விக்கு விடை தேடும் முன் எந்த வழியில் போவது என்று திட்டம் போடும். ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரி, ஒரு நெடுவரிசையில் எத்தனை விதமான மதிப்புகள், எது அடிக்கடி வருகிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் அந்தத் திட்டம். 12லிருந்து 16க்கு மாறும்போது அந்தப் புள்ளிவிவரம் கூடவே வராது. அனலைஸ் என்ற கட்டளையை ஓட்டிப் புதிதாக எடுக்க வேண்டும். (2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்புக்கு மாறும்போதுதான் பெரும்பகுதி கூடவே வருகிறதாம்.) அது இல்லாவிட்டால் ஊர் தெரியாத டிரைவர் கையில் லைன் வண்டியைக் கொடுத்த கதைதான். டேட்டாபேஸ் எந்த வழியில் போனது, எத்தனை வரி எதிர்பார்த்தது, எத்தனை வந்தது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்ற கட்டளையைப் போட்டுக் காட்டினான். டேட்டாபேஸ் எதிர்பார்த்தது 1 வரி. உண்மையில் வந்தது 48,000க்கு மேல். ஒரு வரிக்குத்தானே என்று நினைத்துப் போட்ட வழியில், 48,000 தடவை இன்னொரு அட்டவணைக்குள் போய்வந்துகொண்டிருந்தது. இதற்கு எத்தனை ஜிபி ரேம் போட்டு என்ன பயன்?

நாளடைவில் தானாகவே புள்ளிவிவரம் எடுக்கும் ஆட்டோவேக்யூம் என்று ஒன்று போஸ்ட்கிரஸிலேயே உண்டு. இயல்பாகவே அது ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்து வைத்திருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிய அணைத்துவிட்டுத் திரும்பப் போடாமல் போயிருப்பார்கள் என்பது அவன் ஊகம். எல்லா அட்டவணைக்கும் 'கடைசியாக அனலைஸ் செய்த நேரம்' காலியாகவே கிடந்தது.

டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ள ஒதுக்கும் ஷேர்ட் பஃபர்ஸ் என்ற நினைவக அளவு பழைய அமைப்பில் 8 ஜிபி. புதியதில் போஸ்ட்கிரஸ் நிறுவும்போது வருகிற 128 எம்பி அப்படியே இருந்தது. இந்த அளவுகளை எழுதி வைக்கும் பழைய கான்ஃபிக் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 64 ஜிபி ரேம் வாங்க வைத்தவர்கள் இந்த ஒரு வரியை மாற்றவில்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் படம். பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னான். 'அப்கிரேடு கம்ப்ளீட்' என்பதற்கு நேர் கீழே, புள்ளிவிவரங்கள் மாற்றப்படவில்லை, சர்வரைத் தொடங்கியதும் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள் என்று கட்டளையோடு எழுதியிருக்கிறது. மென்பொருளே சொல்கிறது. அதைப் படிக்காமல் படம் எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா மகன் அந்தக் கட்டளையைத்தான் ஓட்டினான். முதலில் தோராயமாக, பிறகு துல்லியமாக, படிப்படியாகப் புள்ளிவிவரம் எடுக்கும் கட்டளை அது. முதல் கட்டம் முடிந்த உடனே பில் ஒரு நொடிக்குள் திறந்தது. பிறகு ஷேர்ட் பஃபர்ஸை ரேமில் கால் பங்காக 16 ஜிபிக்கு ஏற்றி, ஆட்டோவேக்யூமைத் திரும்பப் போட்டான். பழைய சர்வரிலும் இதையே செய்து பார்த்தோம். அதிலும் பில் ஒரு நொடிதான். அதாவது அந்த 1,20,000 தேவையே இல்லை.

25,000 ரூபாய் லைசென்ஸா? போஸ்ட்கிரஸ் இலவசம். யாரும் யாருக்கும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இல்லாத ஒன்றுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மற்றதை அரைகுறை வேலை என்று சொல்லலாம், இது திருட்டு.

அப்கிரேடு செய்யப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு அவசரமாக:

டெமோவை அவர்கள் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். உங்கள் பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, உங்கள் டேட்டாவில் காட்டச் சொல்லுங்கள். அப்கிரேடுக்குப் பின் அனலைஸ் ஓட்டியதற்கும் ஆட்டோவேக்யூம் ஓடுவதற்கும் ஆதாரம் பார்த்த பிறகே மீதிப் பணம். புது சர்வர் வாங்கு என்றால், எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் முடிவைக் காட்டு என்று கேளுங்கள், காட்டாவிட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். திங்கள் காலை திறக்க வேண்டிய கடையில் ஞாயிறு இரவு அப்கிரேடு வேண்டவே வேண்டாம்.

1,85,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டும், அந்த லைசென்ஸ் யாரிடம் வாங்கியது, பில் எங்கே என்று கேட்டும் வக்கீல் மூலம் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் யாரிடமாவது போஸ்ட்கிரஸுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று கேட்டிருந்தால், அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.