கம்பிக்கதவுச் சத்தம் இணையத்தில் கிடைக்காது: குறும்பட ஒலிகள், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கதாபாத்திரம் வீடு திரும்புகிறது. மின்தூக்கி திறக்கிறது, தாழ்வாரத்தில் காலடி, சாவிக்கொத்து, பூட்டு, கம்பிக்கதவு, அதன் பின் மரக்கதவு. வசனமே இல்லாத பத்து விநாடி. ஆனால் டைம்லைனில் ஏழெட்டு ஒலித்துண்டுகளாவது உட்கார வேண்டும். இணைய ஒலி நூலகங்களில் கதவு என்று தேடினால் வந்து கொட்டும். அவற்றில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கம்பிக்கதவைத் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. கனத்த ஐரோப்பிய மரக்கதவை வைத்து ஒப்பேற்றினால், சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்தவருக்குக் காது உறுத்தும். எது தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, காட்சியில் ஒட்டாமல் போய்விடுவார்.

பூங்காக் காட்சியும் அப்படித்தான். இறக்கிய கோப்பில் ஐரோப்பியத் தோட்டப் பறவை பாடும். இங்கே விடியற்காலையில் கத்துவது குயிலும் மைனாவும். தொலைபேசி மணிகூட ஊரைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க மணி இரண்டு விநாடி ஒலித்து நான்கு விநாடி அடங்கும். நம் ஊரில் அழைப்பு இரட்டை மணியாக வரும்.

ஆகவே பழக்கத்தில் எங்களுக்குப் படிந்த பாகுபாடு இது. இடத்தின் ஒலியை நேரில் போய்ப் பதிவது. கை, கால், துணி, பாத்திரம் எல்லாம் வீட்டில் செய்து பதிவது. துப்பாக்கி, யானை, கார் மோதல் போல் கைக்கு எட்டாதவற்றை மட்டும் இறக்கிக்கொள்வது. நேரத்தையும் பணத்தையும் இந்த வரிசையில் செலவிட்டால் வீணாகாது.

பதிவுக்கருவி

200 வெள்ளி சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் கையடக்க ரெக்கார்டரே தொடங்கப் போதும். கதவு, பாத்திரம், தெரு, மழை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். அது தடுமாறும் இடம் அமைதி. நள்ளிரவுத் தாழ்வாரத்தையோ காலி அறையையோ பதிந்தால், மைக்கின் சொந்த இரைச்சல் 'ஸ்ஸ்' என்று மேலே வந்துவிடும். அதற்குச் சொந்த இரைச்சல் குறைந்த கண்டென்சர் மைக் (மின்னூட்டத்தால் இயங்கும் நுண்ணுணர்வு மைக்) வேண்டும். ரோடே என்டி1 போன்றவற்றில் அது 5 டெசிபலுக்கும் கீழே. ஆனால் அதற்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் இணைப்பு) உள்ளீடும் 48 வோல்ட் மின்சாரமும் தரும் கருவி தேவை. அப்படியொரு காட்சி வரும்போது வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

அமைப்புகளில் கைவைக்க வேண்டியவை சில. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே பதியுங்கள். மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 அளவீடு), ஆழம் 24 பிட். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட், மணிக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட். தானியங்கி ஒலியளவைக் கட்டாயம் அணையுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் பின்னணி இரைச்சல் மெல்ல ஏறி வரும், எடிட்டில் அதைச் சரிசெய்ய வழியில்லை. மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் தொடும்படி கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள்; 0வைத் தாண்டினால் ஒலி உடையும். கம்பிக்கதவு, எவர்சில்வர் தட்டு போன்றவற்றுக்கு -20. உலோகம் மோதும் முதல் சில மில்லிவிநாடிகள் காதுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு உயரமானவை. மீட்டர் அதைக் காட்டுவதற்குள் முனை வெட்டுப்பட்டிருக்கும்.

96 கிலோஹெர்ட்ஸ் எப்போது? ஒலியைப் பாதி வேகத்துக்கு இழுத்துப் பூதாகரமாக்க எண்ணினால் மட்டும். இழுக்கும்போது எல்லா அதிர்வெண்களும் பாதியாக இறங்கும். 48இல் பதிந்ததில் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலி இருக்கும், இழுத்தால் 12ஓடு நின்று மந்தமாகிவிடும். ஆனால் மலிவான மைக் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் கேட்பதில்லை, எனவே கோப்புதான் பெரிதாகும், பலன் அரைகுறை.

32 பிட் ஃபுளோட் (மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் முறை) வசதி உள்ள கருவிகள் இப்போது மலிவு விலையிலும் வந்துவிட்டன. புதிதாக வாங்குவோர் அதையே வாங்கலாம். கெய்ன் தவறிப் பதிவு பாழாகும் கவலை பெரும்பாலும் போய்விடும். இரண்டு விஷயங்களை மட்டும் அது தீர்க்காது. மைக்கின் சவ்வே தாங்காத சத்தம் உடைந்துதான் பதிவாகும். மைக்கின் இரைச்சலும் குறையாது.

கருவியைவிட அதற்குத் துணையாக வாங்குபவைதான் பலன் தந்தவை. முதலில், காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்கு மாட்டும் ரோம உறை. கூடவே வரும் பஞ்சு உறை மூச்சுக்காற்றுக்குத்தான் சரி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நிற்காது. அடுத்தது சிறு முக்காலி. கையில் பிடித்துப் பதிந்தால் விரல் அசைவெல்லாம் இடிபோல் கேட்கும். மூன்றாவது, உலர்பெட்டி. இதை ஆடம்பரம் என்று தள்ளாதீர்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து, எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல் 'பட்பட்' என்று வெடிக்கும். பலர் கம்பியை மாற்றிப் பார்த்துத் திணறுவது இதனால்தான். 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போனாலும் வியர்த்துவிடும். மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தபடியே வெளியே கொண்டுபோய், 20, 30 நிமிடம் கழித்துத் திறவுங்கள்.

வீட்டுக்குள்

வீவக வீட்டில் பதிவுக்கூடம் அமைக்கத் தோதான இடம் பாம் ஷெல்டர்தான் (வீட்டுக்குள்ளேயே கட்டிய குண்டுத் தாக்குதல் காப்பறை). 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீடுகளில் இருக்கும். தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் தெரு இரைச்சலை நன்றாகத் தடுக்கும். ஆனால் உள்ளே கைதட்டினால் 'டர்ர்' என்று எதிரொலிக்கும். கெட்டிப் போர்வைகளைத் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் போட்டு மூன்று பக்கம் நிறுத்தி, தரையிலும் ஒன்று விரித்தால் அந்த டர்ர் அடங்கும். அங்கே ஏற்கெனவே அடுக்கியிருக்கும் பெட்டிகளும் அரிசி மூட்டையும் இடைஞ்சல் அல்ல, எதிரொலியைக் கலைத்து உதவுகின்றன. கதவை முழுக்கச் சாத்திக்கொண்டு நீண்ட நேரம் இருக்காதீர்கள், காற்றோட்டம் குறைவு.

ஷெல்டராலும் தடுக்க முடியாதது பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பு வேலை. துளைக்கருவியின் அதிர்வு கட்டடத்தின் எலும்புக்கூடு வழியாகவே வருகிறது, சுவர் எத்தனை தடித்தாலும் நிற்காது. சுவர் உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வீவக அனுமதிப்பது வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. ஞாயிறு காலை பதிவுக்கு உகந்தது. கிழக்கிலும் ஹவ்காங், சிராங்கூன் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் வேறு சேரும். ஒவ்வொரு ஒலியையும் ஐந்தாறு முறை பதிவது அதற்கும் காப்பீடு.

பதிவுக்கு முன் ஏர்கான், மின்விசிறி, குளிர்பதனப்பெட்டி மூன்றையும் அணையுங்கள். வீட்டுச் சாவியைக் குளிர்பதனப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடிப் போவீர்கள், குளிர்பதனப்பெட்டியைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒலிப்பதிவாளர்களின் பழைய உபாயம் இது. கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஓர் உறுமல் தங்கினால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150உம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இடங்களை மட்டும் குறுகலாக வெட்டலாம். இரைச்சல் நீக்கியை முழு வீச்சில் போட்டால் ஒலி தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். 6 டெசிபலோடு நிறுத்துங்கள்.

கம்பிக்கதவுக்கு வருவோம். சாவிக்கொத்து, பூட்டில் சாவி நுழைவது, திருகுவது, தாழ் விலகுவது, கதவு திறப்பது, சாத்துவது ஒவ்வொன்றையும் தனித்தனியே ஐந்து முறை பதியுங்கள். மெதுவாக, சாதாரணமாக, கோபமாக. பிறகு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் ஒரு முறை. மைக் 20 சென்டிமீட்டரில் ஒரு தொகுதி, ஒன்றரை மீட்டரில் ஒரு தொகுதி. நெருங்கிய பதிவின் அளவைக் குறைத்தால் தூரத்துக் கதவாகிவிடாது. தாழ்வாரத்தின் எதிரொலி அதில் இல்லை.

காலடியில் நம் வீடுகளுக்கே உரியது வெறுங்கால். பளிங்குத் தரையில் வெறுங்கால் எழுப்பும் சத்தம் தட்டல் குறைவு, ஒட்டி விலகும் ஒலி அதிகம். பாதத்தை லேசாக ஈரப்படுத்தினால் தெளிவாக விழும். சிலிப்பருக்கு இரண்டு ஒலி, அடி தரையில் படுவது ஒன்று, குதிகாலில் அறைவது ஒன்று. படத்தை ஓடவிட்டு நடிகரோடு சேர்ந்து நடந்து பதிவதே முறை. தாளம் எண்ணி நடந்தால் அணிவகுப்புபோல் கேட்கும். பட்டுப்புடவையும் பருத்திப்புடவையும் வேறு வேறு சரசரப்பு, மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். கொலுசையும் வளையலையும் வசனப் படப்பிடிப்பில் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, பின்னர் தனியாகப் பதிந்து சேர்ப்பது நல்லது.

சமையலறையில் அள்ள அள்ளக் கிடைக்கும். எலும்பு முறிய, முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி ஒடியுங்கள். நார் கிழிவதால் செலரியைவிடக் கொடூரமாக இருக்கிறது. சருகுக்குப் பொரித்த அப்பளம். ஆள் விழ, 5 கிலோ அரிசி மூட்டையை மெத்தென்ற பாயின் மேல் போடுங்கள். கடுகு வெடிப்பதை நெருக்கமாகப் பதிந்து, நசுக்கிய செலஃபேன் தாளோடு அடுக்கினால் நெருப்பு தயார். ஆனால் தாளிக்கும் கரண்டிக்கு மேல் மைக்கை நீட்டாதீர்கள், எண்ணெய்ப் புகை உள்ளே போனால் மைக் மீளாது. பக்கவாட்டில் ஓரடி தள்ளி வையுங்கள்.

வெளியில்

இடியைப் பதிய ஏற்ற காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் சுமத்ரா சூறாவளிக்காற்று. பல நாள்களில் அது விடியலுக்கு முன் வருகிறது, சாலையில் வாகனம் குறைவு. மாலை இடிமழையில் விரைவுச்சாலை இரைச்சலும் சேர்ந்தே வரும். கருவியைக் கூரைக்குக் கீழ் நடைபாதைச் சுவருக்கு உட்புறம் வைத்துவிட்டு, முழு மழையும் ஓயும்வரை ஓடவிடுங்கள். நீங்கள் உள்ளேயே இருங்கள்.

மழையை ஒரே கோப்பாகத் தேடுவதுதான் பலர் செய்யும் பிழை. திரையில் நம்பவைக்கும் மழைக்கு மூன்று அடுக்கு வேண்டும்: தூரத்து இரைச்சல், நடுவில் இலையிலோ தகரத்திலோ விழுவது, அருகில் தனித்தனிச் சொட்டு. தூரத்து அடுக்கை மட்டும் போட்டால் பழைய வானொலி இரைச்சல்போல் இருக்கும். அருகுச் சொட்டைப் பிளாஸ்டிக் வாளியிலும், மழை நின்றபின் கால்வாய் ஓரத்திலும் எடுக்கலாம். பெருமழைக்குப் பின் கால்வாய்த் தவளைகள் கனத்த குரலில் கத்தும். அதை விட்டுவிடாதீர்கள், இந்த ஊரின் இரவை அது ஒன்றே சொல்லிவிடும்.

புலாவ் உபினுக்குப் போகும் சாங்கிப் படகின் எஞ்சின், தேக்கா ஈரச்சந்தையின் வெட்டுக்கத்தி, காப்பிக்கடையில் கரண்டி கண்ணாடிக் குவளையில் சுழலும் ஒலி, புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து தட்டும் எதிரொலி எல்லாம் கேட்டவுடன் இடம் சொல்பவை. ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இரண்டு நிமிடம் அசையாமல் பதியுங்கள். பத்து விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒரே இருமல் மூன்று முறை வரும். தொடக்கத்தில் நாள், நேரம், இடம், மைக் நோக்கிய திசை ஆகியவற்றைக் குரலில் சொல்லிவிடுங்கள். கோயிலில் நாதசுரம், தவில் என்றால் நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது, வாசிப்பவர்களின் சம்மதமும் வேண்டும். ரயில் அறிவிப்பை அப்படியே பதிந்து போடாமல், சொந்தக் குரலில் புது வாசகம் பேசி, நிலையத்தின் எதிரொலியைச் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

இறக்கிக்கொள்பவை

ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளம் 2005 முதல் இயங்குகிறது, பார்சிலோனாவின் பொம்பெயூ ஃபாப்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தரம் ஏற்ற இறக்கமானது. மாதிரியில் நன்றாகக் கேட்பது அசல் கோப்பில் மொபைல் பதிவாக இருக்கும். ஆனால் பதிந்த இடத்தை வரைபடத்தில் பார்க்கும் வசதி அதில் உண்டு. சிங்கப்பூரைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல பதிவு சிக்கினால், அதே ஆளின் மற்றத் தொகுப்புகளையும் கேளுங்கள், ஒரே கருவி என்பதால் நிறம் ஒத்துப்போகும்.

உரிமத்தை இறக்கும்போதே பாருங்கள், படம் முடிந்தபின் அல்ல. சிசி ஸீரோவுக்கு (கிரியேட்டிவ் காமன்ஸின் உரிமை துறந்த வகை) கட்டுப்பாடு இல்லை. பெயர் குறிப்பிடும் உரிமத்துக்கு இறுதி எழுத்தோட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். வணிகமல்லாத உரிமம் உள்ளதை, விளம்பர வருமானம் வரும் யூடியூப் காணொளியில் சேர்க்காதீர்கள். பிபிசி காப்பகத்தின் 33,000க்கு மேற்பட்ட ஒலிகளும் இலவசமாகக் கிடைப்பது தனிப்பட்ட, கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஸெனோ-கான்டோ தளத்தின் பறவை ஒலிகளில் பலர் தடுக்கி விழுவார்கள். அங்குள்ள பதிவுகள் சிலவற்றுக்குத் தழுவல் கூடாது என்ற நிபந்தனை உண்டு. ஒலியைப் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையே கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமம் தழுவல் என்று வரையறுக்கிறது. எனவே வெட்டாமல் முழுசாகப் போட்டாலும் மீறல்தான். ஸோனிஸ் நிறுவனம் ஜிடிசி எனும் கணினி விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டையொட்டி வெளியிடும் இலவசத் தொகுப்புகள் இவ்வகையில் நிம்மதி, பெயர் போடவேண்டிய கட்டாயம்கூட இல்லை. மோதல், வெடிப்பு, எந்திரம் எல்லாம் அங்கேயே எடுங்கள். பல கிகாபைட் என்பதால் இரவில் இறக்குங்கள்.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், சில பழைய ஸிப் மென்பொருள்கள் தமிழ் எழுத்தைக் குதறிவிடும். பொருள், செயல், இடம், தூரம் என்ற வரிசை போதும். மூலத்தைத் தொடாமல் தனியே வைத்து, நகலில் வெட்டுங்கள்.

எந்த நூலகத்திலும் எளிதில் சிக்காத இன்னொன்று, தமிழ்க் கூட்டத்தின் முணுமுணுப்பு. கல்யாண மண்டபக் காட்சிக்கு ஆங்கிலக் கூட்டத்தைப் போட்டால் எவ்வளவு அடக்கினாலும் மொழி தெரிந்துவிடும். படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர்கள், துணை நடிகர்கள், குழுவினர் என எட்டுப் பத்துப் பேரை மைக்கைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஜோடி ஜோடியாகப் பேசட்டும். கதாபாத்திரங்களின் பெயரோ, உரக்கச் சிரிப்போ வேண்டாம்; பிள்ளை படிப்பு, வீட்டு விலை, மழை என்று எதையாவது பேசலாம். மூன்று நிமிடம் ஆனதும் இடம் மாறச் சொல்லி இன்னொரு மூன்று நிமிடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இருபது பேர். கடைசியில் ஒரு நிமிடம் எல்லோரையும் பேசாமல் நிற்க வைத்து அறையின் அமைதியையும் பதிந்துகொள்ளுங்கள். இதை உணவுப் பொட்டலம் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள், வந்தபின் யாரும் நிற்க மாட்டார்கள்.