சூடு வராத ட்ரையரும் புறக்கோட்டை உதிரிப்பாகக் கடையும்

இந்த விமர்சனம் ஒரு சின்னக் கடையைப் பற்றியது, ஆனால் என் ட்ரையரின் கதையைச் சொல்லாமல் அந்தக் கடையின் அருமையைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இருக்கும் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடி. ஜூன் மாதத்தில் தென்மேற்கு மழை பிடித்தால் பல்கனியில் காயப்போட்ட உடுப்பு மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும், போதாததற்கு ஒரு புளித்த மணமும் ஏறிவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் வெள்ளை யூனிஃபோர்ம், அது காலை ஆறரைக்குக் காய்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மொட்டைமாடிக்கு ஏறி இறங்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் ட்ரையர் ஆடம்பரப் பொருள் இல்லை. 7 கிலோ மெஷின், வெந்நீராவியைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் பழைய வகை, வாங்கி 9 வருடம் ஆகிறது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு சூடாவதை நிறுத்திவிட்டது. ட்ரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, லைட் எரிகிறது, ஆனால் காற்று பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து வருகிறது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம் (எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை). வந்து பார்த்ததற்கு மட்டும் 3500 ரூபா. பின் தகட்டைக் கழற்றக்கூட இல்லை, கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு ஹீட்டர் முழுசாக மாற்ற வேண்டும், 42,000 ரூபா, சாமான் வர மூன்று வாரம், இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள் என்றார். அவர் போன பிறகு எனக்கு மனசு ஆறவே இல்லை. திறந்தே பார்க்காமல் எப்படித் தெரியும்?

சரி, நானே பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன். எனக்குப் பெரிய மின்சார அறிவு இல்லை. அப்பா ரேடியோ திருத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அவ்வளவுதான். முதலில் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கினேன். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக் கண்ணுக்கு முன்னால் கழன்று கிடக்க வேண்டும். மெஷினை முன்னுக்கு இழுத்து, பின் தகட்டின் 12 ஸ்க்ரூவையும் கழற்றினேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஃபோனில் ஏழெட்டுப் படம் எடுத்த பிறகுதான் எதையும் தொட்டேன். மோட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் உருளைக் கப்பாசிட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கலாம்.

தகட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த வயரிங் படம்தான் எனக்குக் கை கொடுத்தது. ஹீட்டர் 230 வோல்ட், 2300 வாட்ஸ் என்று அதில் எழுதியிருந்தது. 2300ஐ 230ஆல் பிரித்தால் 10 அம்பியர், 230ஐ 10ஆல் பிரித்தால் 23 ஓம். அப்படியென்றால் நல்ல ஹீட்டர் மீட்டரில் 23க்குக் கிட்டக் காட்ட வேண்டும். தம்பியின் மல்டிமீட்டரைக் கடன் வாங்கி, ஹீட்டரின் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் 23.6. மாற்றவே வேண்டும் என்று சொல்லப்பட்ட ஹீட்டர் முழு நலமாக இருக்கிறது! அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எழுதவே தேவையில்லை.

அடுத்து, காற்றுப் பாதையில் பொத்தான் அளவில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று தெர்மோஸ்டாட், சூடு கூடினால் வெட்டி, ஆறினால் திரும்பச் சேர்க்கும். மற்றது தெர்மல் பியூஸ். அது ஒரு தரம்தான், அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அறுந்துவிடும், பிறகு சேராது. மீட்டரைப் பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்துப் பார்த்தேன், உள்ளே பாதை அறாமல் இருந்தால் கத்தும். தெர்மோஸ்டாட் கத்தியது, பியூஸ் கத்தவில்லை. ஒரு விரல் நுனி அளவு சாமான்தான் வீட்டை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது.

கீழ் மாடியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரி பாஸ் இதைக் கேட்டுவிட்டு, அந்த இரண்டு கம்பியையும் நேராக முறுக்கிவிட்டால் இப்போதே வேலை செய்யும் என்றார். செய்யும்தான். ஆனால் அந்தப் பியூஸ் இருப்பதே உடுப்பில் இருந்து உதிரும் பஞ்சு அடைத்துச் சூடு ஏறும்போது நெருப்புப் பிடிக்காமல் தடுப்பதற்கு. ஆறாம் மாடியில், பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும்போது, அந்தத் தடுப்பைக் கழற்றி எறிய யாருக்கு மனம் வரும்? தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், ஒரு நாளைக்கு என்றாலும் கூட.

இனிக் கடை. வியாழக்கிழமை காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். கழற்றிய பியூஸும் தெர்மோஸ்டாட்டும் ஒரு சின்னப் பையில், ஃபோனில் படங்கள். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான் கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். முதல் மூன்று கடையில் மெஷினின் மாடல் நம்பரைக் கேட்டுவிட்டு இல்லை என்று கையை விரித்தார்கள். நாலாவது இடம் ஒரு ஒடுங்கின கடை, பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது, ஆனால் வாசலில் வாஷிங் மெஷின் பெல்ட்டுகள் கறுப்பு மாலை மாதிரி வரிசையாகத் தொங்கும், அதை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு நானா (முஸ்லிம் பெரியவர்). கூட்டம் நிற்கிறது, ஆனால் அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

என் முறை வந்ததும் பியூஸைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து அதில் பொறித்திருந்த சூட்டளவையும் அம்பியரையும் வாசித்தார். பின்னால் இருந்த சின்னச் சின்ன லாச்சிகளில் ஒன்றைத் திறந்து அதே எண்கள் உள்ள ஒன்றை எடுத்தார். மாடல் நம்பரை அவர் கேட்கவே இல்லை. எண்கள் ஒத்துப்போனால் போதும், கூடின சூட்டளவு உள்ளதைப் போடவே கூடாது என்று சொன்னார். நான் காசை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

“மகள், இது சும்மா போற சாமான் இல்ல. ஏன் போனதென்டு பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காற்றுப் போகும் குழாய் எவ்வளவு நீளம்? எத்தனை வளைவு? பிளாஸ்டிக்கா அலுமினியமா? கொஞ்ச நாளாகக் காய அதிக நேரம் எடுத்ததா? கடைசிக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் இருந்தது. ஆமாம், நாலைந்து மாதமாக ஒரு மணி நேரத்தில் காய்ந்தது இரண்டு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது, நாங்கள் மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டோம். பல்கனிக்குக் கண்ணாடி போட்டபோது குழாயைச் சுற்றி வளைத்து நாலு மீற்றர் ஆக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள் குழாய், மூன்று வளைவு, நடுவில் ஒரு தொய்வு. அந்தத் தொய்வில் நீராவி தண்ணீராகத் தேங்கி, பஞ்சு அதில் ஒட்டி, சேறு மாதிரி அடைத்திருக்கும் என்று அவர் கடையில் இருந்தபடியே சொன்னார். வீட்டுக்கு வந்து கழற்றினால் அப்படியேதான் இருந்தது. இரண்டு கை நிறையச் சாம்பல் நிறப் பஞ்சுக் கழி!

அப்புறம் தெர்மோஸ்டாட். நான் அதையும் புதிதாகத் தாருங்கள் என்றேன், பயத்தில். அவர் உடனே எடுத்துத் தந்திருந்தால் இன்னும் 1800 ரூபா கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக மேசையில் இருந்த மீட்டரை அதில் கொழுவி, சூடான காற்று ஊதும் துப்பாக்கியை அதன் மேல் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், மீட்டர் வாய் மூடியது. ஊதுவதை நிறுத்தி ஆறவிட்டார், திரும்ப ஒரு ‘டிக்’, மீட்டர் கத்தியது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தட்டு இருக்கிறது, சூட்டில் ஒன்று மற்றதை விடக் கூட விரிவதால் தட்டு மறுபக்கம் வளைந்துவிடும், அந்தச் சத்தம்தான் இது என்று விளக்கினார். இது நல்லா இருக்கு, வீண் செலவு செய்யாதீங்க என்று திருப்பித் தந்தார். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு கடைக்காரர் விற்காமல் விடுவதற்காக ஐந்து நிமிடம் செலவழித்ததை நான் கொழும்பில் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் காட்டிய படத்தில் இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்தார். ஹீட்டருக்குப் போகும் ஒரு லக் (கம்பி நுனியில் நெருக்கிப் பூட்டும் உலோகத் துண்டு) கருகியிருந்தது. வெள்ளவத்தையா, கடல் காற்று, துரு பிடிச்சு லூசாகியிருக்கும், லூசான இடம் சூடாகும் என்றார். புதிய லக் ஒன்றும், கண்ணாடி நார் உறை போட்ட சூடு தாங்கும் வயர் ஒரு அடியும் வெட்டித் தந்தார். ஹீட்டர் பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் உறை வயர் உருகிவிடும் என்பதால் அதைப் போடவே கூடாதாம். லக்கைக் குறட்டால் எப்படி நெருக்க வேண்டும் என்று ஒரு பழைய துண்டில் செய்து காட்டினார். மொத்தக் கணக்கு: பியூஸ் 450, லக்கும் வயரும் 300, இரண்டு மீற்றர் அலுமினியக் குழாயும் இரண்டு கிளிப்பும் 2600. ஆக 3350 ரூபா, பார்த்துவிட்டுப் போன சர்வீஸ் ஆளுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

வீட்டில் வேலை ஒன்றரை மணி நேரம் எடுத்தது, அதில் ஒரு மணி நேரம் பஞ்சு எடுப்பதற்கே. ஒரு பெயின்ட் பிரஷும் வக்கியூம் கிளீனரும் போதும். மூடுவதற்கு முன் செய்யச் சொல்லி நானா சொன்ன ஒன்றை எல்லோரும் செய்ய வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஹீட்டரின் கம்பியிலும் மற்ற முனையை மெஷினின் பெயின்ட் இல்லாத உலோக உடம்பிலும் வைத்துப் பாருங்கள். எதுவும் காட்டக்கூடாது. ஏதாவது காட்டினால் கரண்ட் உடம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம், பிளக்கைப் போடாமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமத்தியும் பார்த்துக்கொண்டேன்.

பஞ்சு வடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் ஒவ்வொரு தரமும் பஞ்சை எடுக்கிறோம், ஆனால் கனடாவில் இருந்து சித்தி கொண்டு வந்த, ட்ரையருக்குள் உடுப்போடு போடும் வாசனைத் தாள்களைப் போட்டுப் போட்டு வலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படலம் பிடித்திருந்தது. குழாய்த் தண்ணீரை வலையில் ஊற்றிப் பாருங்கள், ஓடாமல் மேலே நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் போட்டுத் தேய்த்ததும் தண்ணீர் உடனே இறங்கியது.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. ஒரு சுமை 55 நிமிடத்தில் காய்கிறது. ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு 2.3 யூனிட், ஆகவே முன்பு நாங்கள் தெரியாமலே கட்டிய கூடுதல் கரண்ட் பில்லை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடையில் குறை இல்லாமல் இல்லை. கார்ட் எடுப்பதில்லை, காசுதான். பில் கேட்டால் கையால் எழுதித் தருவார். மின்சாரச் சாமான் வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டார், அதனால் அளந்து உறுதி செய்யாமல் போகாதீர்கள். ஹீட் பம்ப் வகைப் புது ட்ரையர்களுக்கு அவரிடம் சாமான் இல்லை, அதில் ஃபிரிட்ஜ் மாதிரி அடைத்த வாயு இருப்பதால் நாமாகக் கழற்றவும் வேண்டாம் என்றே சொல்கிறார். உத்தரவாதக் காலம் முடியாத மெஷினுக்கும் முதலில் வாங்கிய இடத்தைக் கேளுங்கள் என்பார். வாகனம் நிறுத்த இடம் கிடையவே கிடையாது, ரயிலில் கோட்டைக்குப் போய் நடப்பதே சுகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் லீவு. காலை பத்து மணிக்கு முன் போனால் நின்று கதைக்க நேரம் இருக்கும்.

5க்கு 5 கொடுக்கிறேன், காசு மட்டும்தான் என்ற சிரமத்தையும் சேர்த்தே. அடுத்தது ட்ரம் பெல்ட், ஓரம் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. பழையதைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அளவை அதில் இருந்தே எடுப்பாராம். பள்ளிக்கூட லீவு தொடங்கியதும் போக வேண்டும்.