பென்னி பிளாக்: சேவைக்கு முழு மதிப்பெண், மைக்குப் பாதிதான்

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை என்பதால் பென்னி பிளாக்கை எல்லாரும் புகழ்கிறார்கள். அன்றாடம் புழங்கும் பொருளாக எடை போட்டால், அது பெரிதாகச் சறுக்கிய இடம் ஒன்றுதான்: மை.

முதலில் சேவையைச் சொல்லிவிடலாம். 1840-க்கு முன் பிரிட்டனில் தூரத்தையும் தாள்களையும் எண்ணித்தான் கட்டணம். பெரும்பாலும் கடிதம் பெறுபவரே பணம் கட்டவேண்டும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் அனுப்ப 1 ஷில்லிங் 1½ பென்னி (ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி). உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்கு. அஞ்சல் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில் 1837-ல் முன்வைத்த திட்டம் தூரத்தைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டது. நாட்டுக்குள் எங்கே போனாலும் அரை அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 14 கிராம் வரை, 1 பென்னி; முன்கூட்டிக் கட்டாவிட்டால் 2 பென்னி. 1840 ஜனவரி 10-ல் இது தொடங்கியது. ஒரே ஆண்டில் கடிதங்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. நிகர வருவாய் சரிந்ததும் உண்மைதான். ஆனால் ஏழைத் தொழிலாளியும் ஊருக்குக் கடிதம் போட முடிந்ததே, அதற்கு ஈடு எது?

தபால்தலை மே 6 முதல் செல்லுபடியானது. தாள் அமைப்பு அபாரம்: வரிசைக்கு 12, மொத்தம் 20 வரிசை, 240 தலைகள். ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு. தபால்காரருக்கு மனக்கணக்கே வேண்டாம். கள்ளத்தலை அடிப்பதைத் தடுக்க ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் ஆங்கில எழுத்துகள்: இடப்பக்கம் வரிசை, வலப்பக்கம் அதில் எத்தனையாவது என்பது. AA-யில் தொடங்கி TL-இல் முடியும். துளை வரிசை கிடையாது, கத்தரியால்தான் வெட்டவேண்டும். பசையும் சுமார்தான், நனைக்கும்போது பசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளும்படி தாளின் ஓரத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்.

இனி மை. கறுப்புத் தலை மேல் சிவப்பில் மால்டா சிலுவை முத்திரை குத்தினார்கள். அந்தச் சிவப்பு மையை அந்தந்த அஞ்சல் நிலையமே கலக்கவேண்டும்: 1 பவுண்டு எடை சிவப்பு அச்சு மை, 1 பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) ஆளிவிதை எண்ணெய், அரை பைன்ட் ஆலிவ் எண்ணெய். அதனால் ஊருக்கு ஒரு நிறம். நிறத்தைக்கூடப் பொறுக்கலாம். அந்த முத்திரையை அழித்துவிட்டுத் தலையை மறுபடியும் ஒட்ட முடிந்ததே, அதுதான் பெரிய ஓட்டை. தலையின் கறுப்பு உறுதியாக நின்றது, மேலே விழுந்த சிவப்புதான் கழன்றது. தீர்வு எளிமையானது: நிறங்களை மாற்றிப் போட்டார்கள். 1841-ல் தலை சிவப்பானது, முத்திரை கறுப்பானது. தவறைப் பிடிவாதமாகக் காக்காமல் ஓராண்டுக்குள் திருத்தியதற்காக அந்த அஞ்சல் துறையை மனதாரப் பாராட்டுகிறேன்.

இன்று வாங்க நினைப்பவர்களுக்கு: அச்சிட்டது 6.8 கோடி, ஆகவே இது கிடைக்காத பொருள் அல்ல. விலையைத் தீர்மானிப்பது நான்கு பக்க ஓரமும்தான். கத்தரி உள்ளே ஏறியிருந்தால் மதிப்பு பாதாளத்துக்குப் போகும். வெளிச்சத்தில் பிடித்துச் சிறு கிரீட நீர்க்குறியையும் (தாளுக்குள்ளேயே பதிந்த மங்கலான குறி), தாள் மெலிந்த இடங்களையும் பாருங்கள். ‘பயன்படுத்தாதது’ என்று விற்றால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. கழுவிய சிவப்பின் தடம் பல சமயம் புறஊதா விளக்கில் தெரிந்துவிடும். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.