செதில் பூச்சிக் குஞ்சை இனம் காண: கைலென்ஸா, ஸ்லைடா?

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களும் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுபவர்களும் அடிக்கடி கேட்பது இது: இலையில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சியின் குஞ்சு எந்த இனம் என்று அறியக் கைலென்ஸ் போதுமா, கண்ணாடி ஸ்லைடில் பதித்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமா?

செலவு: லென்ஸ் சில நூறு ரூபாயில் முடியும். ஸ்லைடுக்கு மைக்ரோஸ்கோப்பும் ரசாயனமும் வேண்டும். கல்லூரி ஆய்வகம்தான் வழி.

நேரம்: லென்ஸில் ஓலையைத் திருப்பிய கையோடு பார்த்துவிடலாம். ஸ்லைடுக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, உள்ளிருப்பதை வெளியேற்றி, சாயமேற்றி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் தொட வேண்டாம்.

என்ன தெரியும்: இங்கேதான் விஷயம். புதிதாகப் பொரித்த குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. லென்ஸில் எல்லாம் ஒரே சாடைதான். முதல் தோல் உரித்தபின் பிரிவு தெரியும். உடலின் மேலுள்ள மூடியை ஊசியால் தூக்கும்போது அடியில் காலில்லாத மஞ்சள் உடல் கிடந்தால் அது கவசச் செதில் குடும்பம். மென்செதில் குடும்பத்தில் மூடி தனியாக வராது, பின்முனை பிளந்திருக்கும். பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் கவசச் செதில் மேல் பழி போடாதீர்கள், அது தேன்கழிவு என்ற இனிப்புக் கழிவை விடாது.

குடும்பம்வரை லென்ஸ் போகும். இனம் தெரிய மெழுகு சுரக்கும் துளை, மயிர், உணர்கொம்புக் கணு பார்க்க வேண்டும், அதற்கு ஸ்லைடுதான். ஆனால் இனங்காணும் அட்டவணைகள் பெரும்பாலும் வளர்ந்த பெண் பூச்சிக்கு எழுதியவை. அதே இலையில் தாயையும் சேர்த்து எடுங்கள்.

மருந்தடிக்கும் நேரம் பார்க்க லென்ஸ் போதும். ஊரும் குஞ்சில்தான் மருந்து நன்றாகப் பிடிக்கும். வெளியூருக்குப் போகும் நாற்றில் புதிதாக ஏதாவது தென்பட்டால் ஸ்லைடு.