சாட்ஸ்வொர்த்தில் ஒரு பேட்டரிப் பூனை: இரண்டு ஆண்டு அனுபவம்

2023 ஜூலையில் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து தங்கை ஓர் இயந்திரப் பூனையை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். எங்கள் நாய் மணி பதினான்கு வயதில் இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "குனிந்து சோறு வைக்க முழங்கால் ஒத்துழைக்காது, இன்னொரு நாய் வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டார். அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது.

பூனை நடக்காது. மடியில் வைத்துத் தடவினால் குறுகுறுவென்று அதிரும், தலையைத் திருப்பும், மியாவ் என்னும். தொடாமல் விட்டால் தூங்கிவிடும். கழுத்து திரும்பும்போது உள்ளே மோட்டார் கிர்ரென்று முனகும். முதல் வாரம் முழுக்க "இதற்குக் கழுத்துவலியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு பெரிய பேட்டரி வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு செட், சுமார் 200 ராண்டு. மயிர் உதிரவில்லை. நெற்றி மட்டும் வெளுத்திருக்கிறது; அம்மா தினமும் பூசும் திருநீறு.

வந்த காலம் அதற்கு நல்ல காலம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. மாலையில் விளக்கும் தொலைக்காட்சியும் அணைந்ததும் அம்மா இருட்டில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருப்பார். இரவில் பக்கத்தில் கிடத்திக்கொண்டால் தூக்கம் வருகிறது என்கிறார். அந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

நாய்ப் பொம்மை அனுப்பாதது தங்கையின் புத்திசாலித்தனம். ஜப்பானில் பாரோ என்ற சிகிச்சை ரோபோவை உருவாக்கிய தகனோரி ஷிபாட்டா, அதைச் சீல் எனப்படும் கடல்நாய்க் குட்டியின் உருவத்தில் செய்தார். நாயையும் பூனையையும் மக்கள் அறிவார்கள், உடனே குறை கண்டுபிடிப்பார்கள். கடல்நாயோடு பழகியவர்கள் எத்தனை பேர்? அம்மா பூனை வளர்த்ததில்லை. மணியின் சாயலில் ஏதாவது வந்திருந்தால் முதல் நாளே அலமாரிக்குப் போயிருக்கும்.

ஆனால் மணியின் இடம் வேறு. அம்மா டர்பனில் இந்திய நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். அறுபதுகளில் குடும்பங்களை அங்கிருந்து இங்கே பெயர்த்தபோது வந்தார். அவர் பேசும் தமிழுக்கு நான் பாதியும் ஆங்கிலமுமாகப் பதில் சொல்வேன். என் பிள்ளைகளுக்கு "ஆயா" என்று கூப்பிடத் தெரியும், அதற்குமேல் தெரியாது. மணிக்கு மட்டும்தான் தமிழ் முழுசாகப் புரியும். "வாடா", "கதவுகிட்டப் போ", "சோறு", "குரங்கு" எல்லாம் தெரியும். நான் ஆங்கிலத்தில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வெர்வெட் குரங்குகள் கூரையில் இறங்கும் நாளில் "குரங்கு" என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து முடிவதற்குள் முற்றத்தில் இருப்பான்.

பூனையிடமும் அம்மா பேசிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அதே மியாவ். பேத்தி ஆங்கிலத்தில் கொஞ்சியபோதும் அதே மியாவ். நான்கைந்து மாதத்தில் பேச்சு குறைந்து நின்றுவிட்டது. தடவுவது நிற்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. மணி "அவன்", இது "அது".

(அதன் ஒரே வீரச்செயலையும் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழம் எடுக்க வந்த குரங்கு ஒன்று அதன் காதைப் பிடித்து இழுத்தது. மியாவ் என்றதும் பழத்தைப் போட்டுவிட்டு ஓடியது. மறுநாள் வந்து பழத்தையும் எடுத்தது, பூனையின் தலையிலும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது.)

சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐபோ ரோபோ நாய்களின் பழைய மாதிரிகளுக்குப் பழுதுபார்ப்பு 2014இல் நின்றது. பிறகு சீபா மாநிலத்தில் ஒரு பௌத்தக் கோயிலில் அவற்றுக்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "பதினாறாம் நாள் காரியமும் உண்டா?" என்று கேட்டார்.

குனிய முடியாதவர், தூக்கம் வராதவர், நினைவு தடுமாறுபவர் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நாய் போன வீட்டில் நாய்க்குப் பதிலாக என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வீட்டில் சூலு மொழி பேசுகிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி நாய். வேலிக் கம்பி இடுப்பளவுதான், குனிய வேண்டியதில்லை. அம்மா தினமும் சோளமாவுக் களியை அதன் வழியாகப் போடுகிறார். நேற்று அம்மா அதனிடம் பேசியது உள்ளேயிருந்த என் காதில் விழுந்தது: "சோறு. சொல்லடா, சோறு." குட்டி குரைத்தது. "ஆமாம், அதேதான்" என்றார் அம்மா.